சால்மன், கடல் டிரவுட் தூண்டில் உரிமம்: இங்கிலாந்து, வேல்ஸ் அரசு இணையச் சேவை எப்படி இருக்கிறது?

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ சால்மனுக்கோ கடல் டிரவுட்டுக்கோ தூண்டில் போட உரிமம் வேண்டும். அதை வாங்கும் இடம் அரசின் கவ்.யூகே (gov.uk) தளத்தில் உள்ள தூண்டில் உரிமச் சேவை. நடத்துவது இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சி. வேல்ஸின் மீன்வளத்தை நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் என்ற தனி அமைப்பு கவனித்தாலும் உரிமம் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். நாலு கடை ஏறி விலை கேட்டு வாங்கும் பொருள் இல்லை என்பதால், கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை, ஆட்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உரிமம் வாங்கும் பகுதி நன்றாக இருக்கிறது, பத்து நிமிடம்கூட ஆகாது. வாங்கிய பிறகு எந்த ஆற்றில் என்ன விதி என்று தேடும் வேலையை முழுக்க வாங்கியவர் தலையில் கட்டுவது இதன் பெரிய குறை. ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டிய பிடிப்பு அறிக்கைதான் இந்தச் சேவையிலேயே மிக மதிப்புள்ள பகுதி. அதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

யாருக்கு உரிமம் தேவை? 13 வயது நிறைந்த எவருக்கும் தேவை. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு 2017 ஏப்ரல் முதல் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணம் இல்லை என்பதற்காக உரிமமே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளையின் பெயரில் பதிவு செய்து உரிமம் எடுத்தே ஆக வேண்டும். பெற்றோர் கையில் உரிமம் இருந்தால் போதும் என்று நினைத்து 14 வயதுப் பையனை ஆற்றங்கரையில் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. காட்டச் சொல்லும்போது செல்லுபடியாகும் உரிமத்தைக் காட்ட முடியாவிட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வாங்கும் படிகள் சுருக்கமானவை. உங்களுக்கா வேறொருவருக்கா என்று கேட்கும். பிறகு பெயர், பிறந்த தேதி, மாற்றுத்திறன் சலுகை உண்டா என்ற கேள்வி, உரிம வகை, கால அளவு, தொடங்கும் நாள், முகவரி, உரிம விவரம் மின்னஞ்சலில் வேண்டுமா குறுஞ்செய்தியில் வேண்டுமா, கடைசியில் கார்டில் பணம். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று வருவதால் ஆங்கிலம் தடுமாறுபவர்கூடக் குழம்ப மாட்டார். கட்டணம் செலுத்தியதும் ஒரு எண் வரும். அட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அந்த எண்ணே சான்று. சால்மன் ஓடும் பள்ளத்தாக்குகள் பலவற்றில் கைபேசி சிக்னல் கிடைப்பது அரிது. எனவே மின்னஞ்சலைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தாலும் சரிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் பக்கங்களும் வரும். அவற்றில் சில கூடுதல் பணம் பிடுங்கும், சில உரிமமே தராது. முகவரிப் பட்டையில் கவ்.யூகே என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணை உள்ளிடுங்கள்.

அடுத்தது எந்த உரிமம் என்ற கேள்வி. தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். டிரவுட், கோர்ஸ் மீன் (சால்மன், டிரவுட் அல்லாத நன்னீர் மீன்கள்), விலாங்கு ஆகியவற்றுக்கு ஒரு வகை உரிமம் உண்டு, விலை குறைவு. சால்மன், கடல் டிரவுட் உரிமம் தனி. கடல் டிரவுட் என்பது பழுப்பு டிரவுட் இனமேதான், கடலுக்குப் போய்த் திரும்புவது. "நான் டிரவுட் உரிமம் வைத்திருக்கிறேனே" என்று சிலர் வாதாடுவதற்குக் காரணம் இது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கடலுக்குப் போய் வந்த டிரவுட்டைக் குறிவைத்துத் தூண்டில் போட்டால் சால்மன், கடல் டிரவுட் உரிமம் கட்டாயம். கடலோரத்திலும் முகத்துவாரத்திலும் இதே விதிதான். கரையிலிருந்து ஆறு கடல் மைல் வரை இது பொருந்தும். கடற்கரையில் பாஸ் மீனுக்கு நிற்பவருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அவர் தூண்டிலில் கடல் டிரவுட் மாட்டினால் எடுத்துப் போகாமல் உடனே விட்டுவிட வேண்டும்.

சால்மன், கடல் டிரவுட் உரிமம் மற்ற வகைகளையும் தன்னுள் அடக்கியது. இதை எடுத்தவர் டிரவுட்டுக்குத் தனியாக இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. தூண்டில் எண்ணிக்கையில் மட்டும் கவனம் வேண்டும். ஆறு, ஓடை, கால்வாய் என்றால் சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் ஒரே ஒரு தூண்டில். நீர்த்தேக்கம், ஏரி, குளம் என்றால் இரண்டு. கோர்ஸ் மீனுக்கு மூன்று வரை போடலாம். ஏற்கெனவே டிரவுட் உரிமம் எடுத்தவர் நடுவில் சால்மனுக்கு மாற நினைத்தால் புதிதாக வாங்குவதற்கு முன் என்விரான்மென்ட் ஏஜென்சிக்குத் தொலைபேசியில் பேசி, வித்தியாசத்தைக் கட்டி உயர்த்திக்கொள்ள முடியுமா என்று கேட்பது நல்லது.

காலம் மூன்று வகை: ஒரு நாள், எட்டு நாள், பன்னிரண்டு மாதம். கட்டணம் 2017-இல் நிர்ணயித்தபோது 12, 27, 82 பவுண்டாக இருந்தது. அதன் பிறகு உயர்ந்திருக்கிறது. செலுத்தும் பக்கத்தில் காணும் தொகையே அன்றைய விலை. ஆனால் மூன்றுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் எதை வாங்குவது என்பது தெளிவாகிவிடும். அந்தப் பட்டியலில் எட்டு நாள் உரிமம் மூன்று வாங்கினால் 81 பவுண்டு, கிட்டத்தட்ட ஓர் ஆண்டுக் கட்டணம். ஒரு நாள் உரிமம் ஏழு என்றால் 84. ஆக, இரண்டு விடுமுறைக்கு மேல் போகிறவர், அல்லது ஆண்டுக்கு ஏழு தடவை ஆற்றில் இறங்குகிறவர் ஆண்டு உரிமம் எடுப்பதே லாபம். 66 வயதைக் கடந்தவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளின் வாகன நிறுத்த அட்டையான புளூ பேட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும், பிஐபி போன்ற மாற்றுத்திறன் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் ஆண்டு உரிமத்தில் சலுகை உண்டு. 2017 விலையில் அது 82-க்குப் பதில் 54. குறுகிய கால உரிமங்களில் சலுகை இல்லாததால் அவர்களுக்கு ஆண்டு உரிமம் இன்னும் சீக்கிரமே கட்டுப்படியாகும்.

ஒரு நாள் உரிமம் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை அல்ல. நீங்கள் குறிக்கும் நேரத்திலிருந்து 24 மணி நேரம். கடல் டிரவுட்டுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. கோடையில் இந்த மீன் இருட்டிய பிறகுதான் தைரியமாக நகரும், பகலில் ஆழமான மடுவில் அசையாமல் கிடக்கும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும்படி உரிமம் எடுத்தால் இரவு முழுவதும், மறுநாள் காலையும் அதற்குள் அடங்கிவிடும். யோசிக்காமல் காலை ஆறு மணி என்று குறித்தால் மறுநாள் காலை ஆறுக்கே முடிந்துவிடும், அதற்கு மேல் தூண்டில் போட இன்னொன்று வாங்க நேரும். ஆண்டு உரிமம் முன்பெல்லாம் எப்போது வாங்கினாலும் மார்ச் 31-இல் காலாவதியாகும். 2018 முதல் வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டு ஓடுகிறது. நல்ல மாற்றம். ஆனால் பிடிப்பு அறிக்கையில் இது ஒரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

உரிமம் தராதது என்ன?

உரிமம் இருப்பதால் ஆற்றில் இறங்கும் உரிமை வந்துவிடாது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் கரை நிலத்தின் சொந்தக்காரரிடமோ அவரிடம் குத்தகை எடுத்த சங்கத்திடமோ இருக்கும். அவர்களிடம் நாள் அனுமதிச்சீட்டு வாங்காமல் தூண்டில் போட்டால் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். சால்மன் ஆற்றில் அந்தச் சீட்டின் விலை இடத்தையும் மாதத்தையும் பொறுத்து உரிமக் கட்டணத்தையே தாண்டிவிடக்கூடும். எனவே முதலில் சீட்டு கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, நாள் உறுதியான பிறகு உரிமம் வாங்குங்கள். சீட்டிலேயே அந்த நீர்ப்பகுதிக்கென்று தனி விதிகள் அச்சிட்டிருப்பார்கள்: ஃபிளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) மட்டும், ஒரு நாளைக்கு ஒரு மீன், இத்தனை மணிக்கு மேல் கூடாது என்பது போல. அவை சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது.

பருவமும் உரிமத்தில் இராது. ஆண்டு உரிமம் 365 நாள் ஓடினாலும் சால்மனுக்குத் தூண்டில் போடும் காலம் ஆற்றுக்கு ஆறு வேறு. டைன் ஆற்றில் சால்மனுக்கு பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 31 வரை. அதே ஆற்றில் கடல் டிரவுட்டுக்கு ஏப்ரல் 3-இல்தான் தொடக்கம். வை ஆற்றில் சால்மன் பருவம் மார்ச் 3 முதல் அக்டோபர் 17 வரை. பருவம் மூடிய பிறகு "டிரவுட்டுக்குத்தான் போட்டேன், சால்மன் தானாக வந்து மாட்டியது" என்ற பேச்சு அதிகாரியிடம் எடுபடாது. கையில் இருக்கும் முள்ளின் அளவும் ஃபிளையின் அளவும் எதற்குப் போட்டீர்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த விவரங்கள் அரசுத் தளத்தில் இல்லாமல் இல்லை. வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துத் துணைவிதிகளைப் போட்டிருக்கிறார்கள். பணம் கட்டும் வழியில் அவை குறுக்கே வருவதில்லை என்பதுதான் குறை. எந்த ஆற்றுக்குப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டு, அந்த ஆற்றின் பருவம், பிடித்த மீனை விட்டுவிடும் விதி, தூண்டில் இரை விதி மூன்றையும் உறுதி மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்பினால் எத்தனை மீன் பிழைக்கும்! அது வரும்வரை வாங்குபவரே அந்தப் பக்கங்களைப் படித்தாக வேண்டும். வேறு வழியில்லை.

படிக்க வேண்டியதில் முதல் இடம் ஜூன் 16-க்கு. 1999 முதல் நடைமுறையில் இருக்கும் வசந்தகால சால்மன் துணைவிதிப்படி, ஜூன் 16-க்கு முன் பிடிபடும் எல்லா சால்மனையும் உயிரோடு விட்டுவிட வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலான இடங்களில் ஃபிளையும் ஸ்பின்னர் போன்ற செயற்கை இரையும்தான் அனுமதி, மண்புழு கூடாது. காரணம் எளியது. ஆண்டின் முற்பகுதியில் ஆறேறும் சால்மன் பல, கடலில் ஒன்றுக்கு மேற்பட்ட குளிர்காலத்தைக் கழித்த பெரிய மீன்கள். அவற்றில் பெண் மீன் அதிகம், முட்டையும் அதிகம். இலையுதிர்காலம் வரை ஆற்றில் தங்கி இனம் பெருக்க வேண்டியவை அவை. மண்புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் போய்விடும், விட்டாலும் பிழைக்காது.

ஜூன் 16-க்குப் பிறகு என்ன என்பது ஆற்றின் நிலையைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 42 முக்கிய சால்மன் ஆறுகள், வேல்ஸையும் சேர்த்தால் 64. ஒவ்வொன்றிலும் இனம் நிலைக்கக் குறைந்தது எத்தனை முட்டை வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த அளவை எட்டுகிறதா என்று ஆண்டுதோறும் வகைப்படுத்துகிறார்கள். ஆபத்தில் உள்ள ஆறுகளிலும் மீண்டுவரும் ஆறுகளிலும் பருவம் முழுவதும் சால்மனை விட்டுவிடுவது கட்டாயம். வேல்ஸில் கேள்வியே இல்லை: 2020 முதல் எல்லா ஆறுகளிலும் எல்லா சால்மனையும் விட்டுவிட வேண்டும். எதிர்க்கூர் இல்லாத பார்ப்லெஸ் முள்தான் போடலாம், முள்ளின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கடல் டிரவுட்டும் 60 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஆற்றுக்கே திரும்ப வேண்டும். பெரிய கடல் டிரவுட்தான் பலமுறை முட்டையிட்டு ஆற்றை நிரப்புவது. அதைக் காப்பாற்றும் இந்த விதி நமக்கு மிகவும் சரியாகப் படுகிறது. 2023 டிசம்பரில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை ஐயுசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்திருக்கும்போது, இந்தக் கட்டுப்பாடுகளைத் தொந்தரவாகப் பார்ப்பது நியாயமில்லை.

எங்கும் பொருந்தும் விதிகளும் உண்டு. கரைக்கு இழுக்கும் கொக்கிக் கம்பி, அதாவது காஃப், கூடாது. கைவலையில் முடிச்சுப் போட்ட கண்ணியும் உலோகக் கண்ணியும் கூடாது. முடிச்சு மீனின் வழவழப்புப் படலத்தையும் செதிலையும் உரித்துவிடும். மீன் சினையை இரையாகப் போடக் கூடாது. 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக் குண்டு கூடாது. கடலுக்குப் போகாத இளம் சால்மனையும், முட்டையிட்டு மெலிந்து கடலுக்குத் திரும்பும் கெல்ட் மீனையும் எடுக்கக் கூடாது. இது 1975-ஆம் ஆண்டு சால்மன், நன்னீர் மீன்வளச் சட்டத்தில் உள்ளது. வசந்தத்தில் கெல்ட் பளபளவென்று வெள்ளியாக மினுங்கிப் புதிய மீன் போலவே ஏமாற்றும். வயிறு ஒட்டிப்போயிருக்கிறதா, தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிகிறதா, துடுப்பு கிழிந்திருக்கிறதா, செவுளில் வெண்புழு போன்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு இருந்தாலே கெல்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தூண்டிலில் பிடித்த சால்மனையோ கடல் டிரவுட்டையோ விற்பது 2009 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை. உணவகத்துக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைக் கழித்துக்கொள்வதையும் விற்பனை என்றே கொள்ளுங்கள்.

எது சால்மன், எது கடல் டிரவுட்?

விட்டுவிடும் விதி இனத்தைப் பொறுத்து மாறுவதால் இந்த அடையாளம் தெரியாமல் உரிமம் மட்டும் வைத்திருந்து பயனில்லை. மீனைத் தண்ணீருக்குள் கைவலையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் வால். சால்மனின் வாலடி மெலிந்து மணிக்கட்டு போல ஒடுங்கியிருக்கும். அங்கே பிடித்தால் கை நழுவாது. வால் துடுப்பின் ஓரம் உள்வாங்கி வளைந்திருக்கும். கடல் டிரவுட்டின் வாலடி தடிமன், பிடித்தால் வழுக்கும். துடுப்பின் ஓரம் நேராகவோ சற்று வெளித்தள்ளியோ இருக்கும். அடுத்து வாய். சால்மனின் மேல்தாடை எலும்பு கண்ணின் பின் ஓரத்தோடு நின்றுவிடும், கடல் டிரவுட்டில் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். புள்ளிகளும் உதவும்: உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக்கோட்டுக்குக் கீழே சால்மனில் புள்ளி மிகக் குறைவு, டிரவுட்டில் நிறைய.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் செதில் எண்ணலாம். முதுகின் பின்பகுதியில் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பின் பின் ஓரத்திலிருந்து முன்னோக்கிச் சாய்வாகப் பக்கக்கோடு வரை எண்ண வேண்டும். சால்மனில் 10 முதல் 13, பெரும்பாலும் 11. கடல் டிரவுட்டில் 13 முதல் 16, பெரும்பாலும் 14. இறந்த மீனில்தான் இது சுலபம். உயிரோடு இருக்கும் மீனைச் செதில் எண்ணும் அளவுக்குத் தாமதப்படுத்தாமல் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள், படத்தில் எண்ணிக்கொள்ளலாம். முடிவு தெரியாத மீன் எதுவானாலும் ஆற்றுக்கே உரியது.

விடும் முறையிலும் பலர் சறுக்குகிறார்கள். மெல்லிய தூண்டில் நரம்பில் அரைமணி நேரம் ஆட்டம் காட்டிய மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துவிடக்கூடும். வலுவான நரம்பு போட்டுச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மூக்குள்ள இடுக்கியால் முள்ளை எடுங்கள். ஆழமாக இறங்கியிருந்தால் இழுக்காமல் நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிடுங்கள். செவுளில் விரல் விடாதீர்கள், வாலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாகக் கையை உதறிப் போகும்வரை தாங்கிப் பிடியுங்கள். நீரின் வெப்பம் 18 டிகிரியைத் தாண்டினால் இதெல்லாம் செய்தும் மீன் பிழைப்பது கடினம். 20-ஐ நெருங்கினால் அன்றைக்குத் தூண்டிலை மடக்கிவிடுவதே சரி.

பிடிப்பு அறிக்கை

சால்மன், கடல் டிரவுட் உரிமம் எடுத்த ஒவ்வொருவரும் அந்த ஆண்டின் பிடிப்பை அடுத்த ஜனவரி 1-க்குள் அறிவிக்க வேண்டும். இது சட்டக் கட்டாயம். ஒரு மீனும் கிடைக்காவிட்டாலும் அறிவிக்க வேண்டும். ஆற்றுப் பக்கமே போகாவிட்டாலும் அதைத்தான் அறிவிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் உரிமம் வாங்கியவருக்கும் இது பொருந்தும். கோடை விடுமுறையில் வந்து எட்டு நாள் உரிமத்தில் மீன் பிடித்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஊருக்குத் திரும்பும் முன்பே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

நாம் மேலே சொன்ன சிக்கல் இங்கேதான். உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது, அறிக்கை ஆங்கில ஆண்டுக் கணக்கில் போகிறது. ஜூலையில் வாங்கிய ஆண்டு உரிமம் இரண்டு பருவங்களைத் தொடும். முதல் ஆண்டின் மீனை முதல் ஜனவரிக்குள்ளும், அடுத்த வசந்தத்தில் பிடித்ததை அதற்கடுத்த ஜனவரிக்குள்ளும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். உரிமம் முடிந்துபோனது, இனி நமக்கு வேலையில்லை என்று இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

இணையப் படிவம் நன்றாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உரிம எண்ணின் கடைசி ஆறு எழுத்துகளையும் அஞ்சல் குறியீட்டையும் கொடுத்து உள்ளே போகலாம். ஒவ்வொரு ஆற்றையும் தேர்ந்து, ஜூன் 16-க்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் மீன் பிடித்தீர்கள் என்று நிரப்ப வேண்டும். பிறகு மீன் ஒவ்வொன்றுக்கும் தேதி, இனம், எடை, ஃபிளையா ஸ்பின்னரா இரையா, விட்டீர்களா என்ற விவரம். ஒரு பவுண்டுக்கு உட்பட்ட சிறிய கடல் டிரவுட்டை மட்டும் மாதவாரியாக மொத்த எண்ணிக்கையில் சொன்னால் போதும். டிசம்பரில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் கட்டாயம் தப்பும். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்து அன்றன்றைக்கு எழுதுவதே நல்லது, மீன் கிடைக்காத நாளையும் சேர்த்து.

எடைதான் பலருக்குத் தொல்லை. விடப்போகும் மீனைத் தராசில் தொங்கவிடக் கூடாது. தூண்டில் கம்பிலேயே செ.மீ. அடையாளம் ஒட்டி வைத்துத் தண்ணீரில் கிடக்கும்போதே நீளத்தைப் பாருங்கள். நல்ல உடற்கட்டுள்ள சால்மனுக்கு நீளத்தைச் செ.மீ.இல் எடுத்து, அந்த எண்ணை மும்முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி (70 × 70 × 70 போல), ஒரு லட்சத்தால் வகுத்தால் கிலோ எடை ஏறக்குறையக் கிடைக்கும். 70 செ.மீ. மீன் என்றால் 3.4 கிலோ. கெல்ட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வெறும் கையோடு திரும்பிய நாளை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர் உண்டு. ஆற்றில் எத்தனை மீன் ஏறியது என்று மதிப்பிட, மீன் எண்ணும் கருவி இல்லாத ஆறுகளில் தூண்டில் பிடிப்புதான் முக்கிய ஆதாரம். பத்து நாளில் இரண்டு மீன் கிடைத்த ஆறும், நாற்பது நாளில் இரண்டு மீன் கிடைத்த ஆறும் ஒன்றல்ல. வெறுங்கை நாட்கள் பதிவாகாவிட்டால் ஆறு உள்ளதைவிடச் செழிப்பாகத் தெரியும். பிடித்தவர்கள் எழுதாமல் விட்டாலோ உள்ளதைவிட வறண்டு தெரியும். இரண்டுமே அடுத்த ஆண்டின் விதியைப் பிசகாக்கும். விதி கடுமையாக இருக்கிறது என்று குறைப்படுபவர் முதலில் தன் அறிக்கையை அனுப்பிவிட்டாரா என்று பார்க்கட்டும்.

அக்கம்பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் இன்னும் தெளிவாகும். அயர்லாந்துக் குடியரசில் இன்லாண்ட் ஃபிஷரீஸ் அயர்லாந்து தரும் உரிமத்தோடு குறிப்பேடும் செவுள் பட்டையும் கையில் வந்துவிடும். வைத்துக்கொள்ளும் சால்மனுக்கும், 40 செ.மீ.க்கு மேலான கடல் டிரவுட்டுக்கும் அந்த இடத்திலேயே செவுளில் பட்டை மாட்டிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எந்த ஆறு திறந்திருக்கிறது, எது பிடித்து விடுவதற்கு மட்டும், எது மூடியிருக்கிறது என்ற பட்டியல் ஆண்டுதோறும் வரும். மீன் கைக்கு வந்த நொடியிலேயே கணக்கும் எழுதப்பட்டுவிடுவதால் நமக்கு அந்த முறையே மேலாகத் தெரிகிறது.

ஸ்காட்லாந்தில் அரசு உரிமமே கிடையாது. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போடுவது அங்கே குற்றம். ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும் தூண்டில் போடக் கூடாது. மார்ச் 31 வரை எல்லா சால்மனையும் விட்டுவிட வேண்டும், அதன் பிறகு ஆற்றின் தரத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாம் தர ஆற்றில் ஆண்டு முழுவதும் விட்டுவிடுவது கட்டாயம். வட அயர்லாந்து உரிமம் முற்றிலும் தனி. அங்கே இந்த உரிமம் செல்லாது.

எல்லையில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. டுவீட் ஆற்றுப் படுகையில், அதன் இங்கிலாந்துப் பகுதியில்கூட, இந்த உரிமம் தேவையில்லை. மறுபுறம் பார்டர் எஸ்க் ஆற்றுக்கும் அதன் துணையாறுகளுக்கும், ஸ்காட்லாந்துக்குள் ஓடும் பகுதிக்கும் சேர்த்தே, இந்த உரிமம் கட்டாயம். ஸ்காட்லாந்து என்றால் உரிமம் வேண்டாம் என்று கேள்விப்பட்டு எஸ்க் ஆற்றில் நிற்பவர் சிக்குவது இதனால்தான்.

ஒற்றைப்படை ஆண்டுகளில் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பசிபிக்கைச் சேர்ந்த பிங்க் சால்மன் 2017 முதல் பிரிட்டன் ஆறுகளில் கூடுதலாகத் தென்படத் தொடங்கியிருக்கிறது. வால் துடுப்பில் பெரிய நீள்வட்டக் கரும்புள்ளிகள், மிகச் சிறிய செதில், கருத்த நாக்கு, முதிர்ந்த ஆணுக்கு முதுகில் கூன். இதை மட்டும் ஆற்றில் திரும்ப விடக் கூடாது. கொன்று எடுத்து வைத்துக்கொண்டு, பிடித்த இடத்தையும் தேதியையும் குறித்து, படம் எடுத்து, என்விரான்மென்ட் ஏஜென்சியின் 24 மணி நேர எண் 0800 80 70 60-க்குச் சொல்ல வேண்டும். புள்ளியைப் பார்த்து உறுதியாகாவிட்டால் அது அட்லாண்டிக் சால்மன் என்றே கருதி விட்டுவிடுங்கள்.